தட்டில் ஏறிய ரயிலோசை

லண்டன் மாநகரத்தில் ஹோல்பர்ன் பகுதியில் கிங்ஸ்வே ஹால் என்று ஒரு மண்டபம் இருந்தது. மெதடிஸ்ட் சபையார் தங்கள் பிரசங்கங்களுக்காக 1912-இல் கட்டிய அந்த இடத்துக்கு, கட்டியவர்களே எதிர்பார்த்திராத ஒரு விசேஷ குணம் வாய்த்திருந்தது: அங்கே எழும் நாதம் வறண்டும் போகாது, குழம்பியும் போகாது, வயலின்களின் மெல்லிய இழையும் தாரைகளின் முழக்கமும் தத்தம் இடத்தில் துலங்கி, வேண்டிய அளவு கார்வையோடு அடங்கும். இந்தக் குணத்தைக் கண்டுகொண்ட ஒலிப்பதிவுக் கம்பெனிகள் 1926 முதல் 1984 வரை அங்கே பதிவு செய்தபடியே இருந்தன, எச்.எம்.வி.யும் டெக்காவும் தங்கள் மிகச் சிறந்த வாத்திய கோஷ்டிப் பதிவுகளிலும் ஆபெராக்களிலும் பலவற்றை அந்த மண்டபத்தில்தான் உருவாக்கின. இவ்வளவு பாக்கியம் பெற்ற இடத்துக்கு ஒரே ஒரு தோஷம். மண்டபத்தின் அடியில், பூமிக்குள், பிக்காடில்லி பாதையின் ரயில்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன.

ஆகவே அந்நாளைய எல்.பி. தட்டு ஒன்றை நல்ல கருவியில் வைத்து, ஊர் உறங்கிய பிறகு, மெதுவாகச் செல்லும் ஒரு பகுதியைக் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு, தந்தி வாத்தியங்கள் ஏறக்குறைய மௌனத்தைத் தொடும் வேளையில், அவற்றுக்கெல்லாம் கீழே, செவியால் கேட்பதைக் காட்டிலும் நெஞ்சுக்கூட்டில் உணர்வதாகச் சொல்லத்தக்க ஓர் உறுமல் எழுந்து, சில விநாடிகள் இடமிருந்து வலமாக நகர்ந்து, கரைந்து போவது தெரியும். முதன்முறை கேட்பவர் தம் கருவியைத்தான் சந்தேகிப்பார். மோட்டாருக்கு எண்ணெய் விடுவார். சுழல்தட்டின் அடியில் ரப்பரை வைத்துப் பார்ப்பார். மின்சாரக் கம்பிகளை மாற்றிச் செருகுவார். நண்பர் வீட்டுக் கருவியிலும் அதே இடத்தில் அதே உறுமல் எழும்போதுதான், குற்றம் தம் வீட்டில் இல்லை, பல வருஷங்களுக்கு முன் லண்டனில் ஏதோ ஒரு பிற்பகலில் தம் வேலையைப் பார்க்கப் போன ஜனங்களைச் சுமந்துகொண்டு ஒரு ரயில் போனதே காரணம் என்று விளங்கும்.

இத்தனை இடைஞ்சலைச் சகித்துக்கொண்டு அந்த இடத்தையே ஏன் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று கேட்டால், பதில் எளியது. ரயில் போன பிறகு மறுபடி வாசிக்கச் சொல்லலாம். பல தடவை சொன்னார்கள். ஆனால் பாடகி ஒருத்தி தன் ஆயுளில் எப்போதோ எட்டும் உச்சத்தை அந்தக் கணத்தில் எட்டியிருக்கும்போது, கீழே ஒரு வண்டி போயிற்று என்பதற்காக அவளை நிறுத்தி இன்னொரு தரம் அதே உச்சத்துக்கு வா என்று சொல்ல, சங்கீதம் தெரிந்த எவனுக்கும் நா எழாது. குறையற்ற சாதாரணத்தைவிட ரயிலோடு சேர்ந்த அபூர்வமே மேல் என்று தீர்மானித்தார்கள். அந்தத் தீர்மானம் சரியானது என்பது என் அபிப்பிராயம். மண்டபம் 1998-இல் இடிக்கப்பட்டு, அதன் இடத்தில் ஹோட்டல் ஒன்று வந்துவிட்டது. ரயில் இன்னும் ஓடுகிறது. ஆயினும் அதன் ஓசை அந்த மண்டபத்தின் காற்றில் எவ்வாறு ஒலித்தது என்பதை அறிய அன்றைய பதிவுகளைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது.

இசைத்தட்டில் கேட்கும் வேண்டாத ஓசைகளைப் பற்றிப் பேசும்போது எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிடுவது நம் வழக்கம். கீறல் விழுந்த ரிக்கார்டு என்பது சொன்னதையே சொல்லும் மனிதருக்கு நம் பேச்சில் நிலைத்துவிட்ட பெயர். அந்தக் கீறல், தூசி, முள் தேய்ந்த கரகரப்பு முதலியவை தட்டை வாங்கியவர் அதற்கு இழைத்தவை. அவற்றில் ஆராய ஒன்றும் இல்லை, துடைத்தும் தூக்கிப் போட்டும் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயங்கள். தட்டு பிறக்கும்போதே உடன் பிறந்த ஓசைகள் வேறு ஜாதி. ஒரே பதிவின் ஆயிரம் பிரதிகளை எடுத்தாலும் ஆயிரத்திலும் அதே இடத்தில் அவை இருக்கும். யாரும் கருதாமல், யாருடைய அனுமதியும் இல்லாமல், சங்கீதத்தோடு சேர்ந்து சாசனத்தில் ஏறிவிட்டவை அவை. அவற்றிலும் இரண்டு வகை உண்டென்றும், ஒன்றைப் போற்றி மற்றொன்றைத் திருத்துவதே முறை என்றும் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில், எவருமே எழுப்பாத ஓசையைப் பார்ப்போம். பாட்டு ஆரம்பமாவதற்கு முன்னால், வெற்றுத்தடத்தின் நிச்சப்தத்தில், அந்தப் பாட்டின் முதல் அடி மிக மெல்லியதாக, அடுத்த அறையில் யாரோ பாடுவது போல ஒலித்து, பிறகு நிஜமான குரல் முழுவதுமாக வருகிறதே, அந்த முன்னெதிரொலியைக் கேட்காத எல்.பி. ரசிகர் இருக்க மாட்டார். இதற்குக் காரணம் முழுவதும் பௌதிகம். மூலத்தட்டில் மெல்லிய அரக்குப் பூச்சின்மேல் வைர முனைக்கு நிகரான கூர்மையுள்ள ஓர் உளி சுருள்சுருளாக வரியை வெட்டிக்கொண்டு போகிறது. ஓசை பலமாகும் இடத்தில் அந்த உளி பக்கவாட்டில் வீச்சாக அசையும். அப்படி அசையும்போது, ஒரு சுற்றுக்கு முன் வெட்டி முடித்த வரியின் சுவரை அது கொஞ்சம் நெருக்கிவிடும். நெருக்கப்பட்ட சுவரில் வரப்போகும் ஓசையின் சாயல் படிந்துவிடுகிறது. நிமிஷத்துக்கு முப்பத்து மூன்றேகால் சுற்றுக்குச் சற்றே கூடுதலாகச் சுழலும் எல்.பி. தட்டு ஒரு சுற்றை முடிக்க 1.8 விநாடி ஆகிறது. ஆகையால், சாயல் ஓசைக்கும் நிஜ ஓசைக்கும் இடைவெளி சரியாக அந்த 1.8 விநாடியாக இருந்தால், குற்றம் வரி வெட்டியபோது நேர்ந்தது என்று செவியாலேயே தீர்ப்புச் சொல்லலாம்.

இடைவெளி அப்படி இல்லாவிட்டால் குற்றம் அதற்கு முந்திய கட்டத்தில், ஒலிநாடாவில், நேர்ந்திருக்கும். காந்தப் பொடி பூசிய அந்த நாடா சக்கரத்தில் அடுக்கடுக்காகச் சுற்றிக் கிடக்கிறது. பலமாகப் பதிந்த ஓர் அடுக்கு, மாதக்கணக்கில் தன்னை ஒட்டிக் கிடக்கும் மேலடுக்கையும் கீழடுக்கையும் தன் காந்தத்தால் தொட்டு, தன் சாயலை அவற்றில் பதித்துவிடுகிறது. ஒன்று நிஜ ஓசைக்கு முன்னும் மற்றொன்று பின்னும் ஒலிக்கும். இரண்டில் ஒன்று எப்போதும் சற்றுப் பலமாயிருக்கும். அதை அறிந்த பொறியாளர்கள் நாடாவைக் கடைசிமுனை வெளியே இருக்கும்படி சுற்றி வைக்கும் உபாயத்தைக் கைக்கொண்டார்கள். அப்படி வைத்தால் பலமான சாயல் நிஜ ஓசைக்குப் பின்னால் விழுந்து, அதன் கார்வையிலேயே மறைந்துவிடும். வரியில் நேரும் குற்றத்துக்கும் மாற்று உண்டு: பலமான இடங்களில் வரிகளை விலக்கி வெட்டலாம். ஆனால் விலக்க விலக்கத் தட்டில் கொள்ளும் நேரம் குறையும். பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்குமேல் அடைக்க வேண்டுமென்று வியாபாரி ஒரு புறமும், எதிரொலி விழுமே என்று பொறியாளர் மறு புறமும் இழுத்ததன் பலனாகத்தான் நாம் பாட்டுக்கு முன்னாலேயே பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

லெட் ஜெப்லின் கோஷ்டியின் 1969-ஆம் வருஷத்துப் பாட்டு ஒன்றில் இதற்கு நெருங்கிய உறவான விபத்து ஒன்று உண்டு. வாத்தியங்களெல்லாம் ஓய்ந்த இடத்தில், பாடகரின் பழைய குரல் ஒன்று, அழிக்க முடியாமல் நாடாவில் ஒட்டிக்கொண்டு, புதிய குரலுக்கு முன்னே மெல்ல ஒலித்தது. கலவை செய்த பொறியாளர் எடி கிரேமர் அதைப் போக்கடிக்க முயன்று பார்த்து, முடியாமற் போகவே, அதன்மேல் இன்னும் கொஞ்சம் எதிரொலியைப் பூசி, கருதிச் செய்த அலங்காரம் போலாக்கிவிட்டார். திருத்த முடியாத பிழையை அணியாக்குவது கலைஞர்களின் பழைய சாமர்த்தியம். அதில் குறைசொல்ல எதுவுமில்லை. ஆனால் சாதாரணமான முன்னெதிரொலியைப் பற்றி என் அபிப்பிராயம் வேறு. சிலர் அதில் ஒரு மாயக் கவர்ச்சியைக் காண்கிறார்கள். வரப்போவதை முன்கூட்டிச் சொல்லும் தீர்க்கதரிசனம் என்றெல்லாம் வர்ணிக்கிறார்கள். எனக்கு அது பொய்ச் சாட்சியாகவே படுகிறது. அந்த விநாடியில் அந்த இடத்தில் யாரும் பாடவில்லை. பாடகர் மூச்சை இழுத்துக்கொண்டு மௌனமாக நின்றிருந்தார். அந்த மௌனத்தைத் தட்டு நமக்குத் தர மறுக்கிறது. நடக்காததை நடந்ததாகக் காட்டும் ஓசை எதுவோ, அதுவே நான் சொல்லும் இரண்டாவது வகை.

ரயிலோசையைப் போல, பதிவு நடந்த இடத்தில் மெய்யாகவே எழுந்த ஓசைதான் முதல் வகை. அதற்குத் திரும்புவோம். அதற்கு கிளென் கூல்டைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது. கனடா தேசத்துப் பியானோ மேதையான அவர், தம் தகப்பனார் கால்களை அறுத்துக் குறைத்துக் கொடுத்த மடக்கு நாற்காலி ஒன்றில்தான் ஆயுள் முழுவதும் உட்கார்ந்து வாசித்தார். அதன் ஆசனம் தரையிலிருந்து 14 அங்குல உயரந்தான். 1955 ஜூன் மாதம் நியூயார்க்கில், கிறிஸ்தவ தேவாலயமாக இருந்து கொலம்பியா கம்பெனியின் பதிவுக்கூடமாக மாறிய முப்பதாம் தெருக் கட்டடத்தில், பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸைப் பதிவு செய்ய வந்தபோதும் அந்த நாற்காலியைக் கையோடு கொண்டுவந்தார். நாற்காலி முனகியது, அதற்குமேல் அவரும் முனகினார். கை வாசிப்பதை வாய் பாடிக்கொண்டே போகும் பழக்கம் அவருக்குச் சிறுவயது முதல் இருந்தது. பொறியாளர்கள் மைக்கை நகர்த்திப் பார்த்தார்கள். தடுப்புகளை வைத்துப் பார்த்தார்கள். முனகல் அடங்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சபையோரின் இருமலையும் ஆரவாரத்தையும் வெறுத்து, 1964-இல் கச்சேரி மேடையையே துறந்து, நாடாவை வெட்டி ஒட்டிக் குறையற்ற வாசிப்பைச் சமைக்கும் பதிவுக்கூடமே கலைஞனுக்கு உகந்த இடம் என்று வாதித்தவர் அவர். சபையை ஒழித்தாயிற்று, ஸ்வரங்களைச் சல்லடையில் சலித்தாயிற்று, ஆனாலும் தட்டில் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார், அவர் அசைகிறார், பாடுகிறார் என்பதை மறைக்க முடியவில்லை. அதே 1964-இல் வெளிவந்த பாக்கின் இன்வென்ஷன்ஸ் தட்டில் இன்னொரு கோளாறும் சேர்ந்தது. தாம் மிகவும் நேசித்த ஸ்டைன்வே பியானோவின் விசைகளை அவர் தம் விருப்பத்துக்கேற்ப இலகுவாக்கச் செய்ததில், நடுஸ்தாயியில் விக்கல் போன்ற ஓர் ஓசை வந்து, மெதுவான இடங்களில் தெளிவாகக் கேட்டது. மற்றவராயிருந்தால் தட்டை வெளியிடாமல் நிறுத்தியிருப்பார், அல்லது வாயை மூடிக்கொண்டிருப்பார். கூல்ட் என்ன செய்தாரென்றால், தட்டோடு வந்த குறிப்பிலேயே அந்த விக்கலைப் பற்றித் தாமே எழுதி, அதன் காரணத்தையும் சொல்லி, வாத்தியத்தின் மற்றக் குணங்களுக்காக அதைப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். வாங்குகிறவரிடம் உள்ளதை உள்ளபடி சொன்ன அந்த நேர்மை இன்று மறுபதிப்புச் செய்கிறவர்களுக்குக் கொஞ்சம் வாய்த்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திராது.

கூல்ட் விரட்டிய சபையோரை அப்படியே உட்கார வைத்துக்கொண்டு பதிவானது பில் எவன்ஸ் மூவர் குழுவின் நியூயார்க் கச்சேரி. வில்லேஜ் வான்கார்ட் என்ற நிலவறை விடுதியில் 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகலில் இரண்டும் இரவில் மூன்றுமாக ஐந்து அமர்வுகள் வாசித்தார்கள். பியானோவில் எவன்ஸ், பெரிய பாஸ் வயலினில் ஸ்காட் லாஃபாரோ, தாளத்தில் பால் மோஷியன். முதல் உருப்படியின்போதே மின்சாரம் சற்றுத் தடைப்பட்டுப் பதிவில் ஓர் ஓட்டை விழுந்தது. அந்தப் பதிவு பல பத்தாண்டுகளுக்குப் பிறகுதான் ஓட்டையோடு வெளிவந்தது. மற்றவற்றில் பல இரண்டு தட்டுகளாக வந்தன. அவற்றில், பியானோ ஒரு ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு அடுத்ததற்குத் தயங்கும் இடைவெளிகளில், கண்ணாடிக் குவளைகள் உரசுகின்றன. ஒரு மேஜையில் சம்பாஷணை நடக்கிறது. சங்கீதத்துக்கு எவ்விதச் சம்பந்தமும் இல்லாத எதற்கோ ஒரு பெண்மணி வாய்விட்டுச் சிரிக்கிறாள். கைதட்டலும் பிரமாதமாக இல்லை, நாலு பேர் தட்டுவது போலத்தான் இருக்கிறது.

லாஃபாரோ அதற்குப் பதினொரு நாள் கழித்து, ஜூலை 6-ஆம் தேதி, மோட்டார் விபத்தில் மாண்டார். வயது 25. அந்தக் குழு இனி வாசிக்கப்போவதில்லை என்பது நமக்குத் தெரியும். குவளையை வைத்த மனிதருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சபை மூச்சடக்கிக் கேட்டிருக்கும். கேட்டிருந்தால் தட்டும் பரிசுத்தமாக இருந்திருக்கும். அப்படிப் பரிசுத்தமான தட்டு நமக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையைக் காட்டியிராது என்று நினைக்கிறேன். மகத்தான காரியம் ஒன்று நடக்கும்போது அருகில் இருப்பவர்கள் பெரும்பாலும் வேறு எதையோ பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்ற வாஸ்தவத்துக்கு, அந்தச் சிரிப்பைக் காட்டிலும் உறுதியான அத்தாட்சி எந்தச் சரித்திரப் புஸ்தகத்திலும் இல்லை.

இத்தகைய ஓசைகளுக்கு இன்னும் இரண்டு சான்றுகளைச் சொல்லுமுன், தட்டு வரலாற்றில் ஃப்ரெட் கைஸ்பர்க் என்பவரின் பெயரைத் தெரிந்துகொள்வது நல்லது. கிராமபோன் கம்பெனிக்காகக் கண்டங்கள் தோறும் பதிவுக்கருவியைச் சுமந்து திரிந்த அவர், 1902 நவம்பரில் கல்கத்தா வந்து, ஹோட்டல் அறையில் கருவியை நிறுத்தி, கௌஹர் ஜான் என்ற பிரசித்தி பெற்ற பாடகியைப் பதிவு செய்தார். மெழுகு மூலங்கள் கப்பலேறி ஜெர்மனியில் ஹானோவர் நகரத்துக்குப் போய்த்தான் தட்டுகளாக வேண்டும். அங்குள்ள தொழிலாளருக்குப் பாஷையும் தெரியாது, பாடகரும் தெரியாது. ஆகவே பாட்டு முடிந்ததும் பாடகர் தம் பெயரைத் தாமே சொல்லிவிட வேண்டும் என்று ஏற்பாடு. அதன்படி, கனமான ஹிந்துஸ்தானி உருப்படி ஒன்றை மூன்று நிமிஷத்துக்குள் அவசரமாகப் பாடி முடித்த கையோடு, அவர் உற்சாகமான குரலில் தாம் கௌஹர் ஜான் என்று இங்கிலீஷில் கூவுகிறார். விலாசச் சீட்டுக்காகச் சொன்ன அந்த நாலு வார்த்தை இன்று பாட்டைவிடப் பிரசித்தம். பாட்டில் அவர் வித்வாம்சினி. அந்த அறிவிப்பில் மட்டுந்தான் அவர் நம் எதிரே நிற்கும் ஒரு பெண்.

அதே கைஸ்பர்க், தாம் ஓய்வு பெறும் தறுவாயில், 1938 ஜனவரி 16-ஆம் தேதி வியன்னாவில் மாலரின் ஒன்பதாம் சிம்ஃபனியைச் சபையின் முன்னிலையிலேயே பதிவு செய்தார். நடத்தியவர் புரூனோ வால்டர். மாலருக்குச் சிஷ்யர் போன்றவர். 1912-இல் அந்த சிம்ஃபனியை முதன்முதல் அரங்கேற்றியவரும் அவரே. முதல் வயலின் ஸ்தானத்தில் மாலரின் சகோதரியை மணந்தவரும் 1881 முதல் அந்தக் கோஷ்டியில் இருந்தவருமான அர்னால்ட் ரோஸே. இருவரும் யூதர். அந்த சிம்ஃபனி, எங்கே தொடங்கிற்று என்று தெரியாதபடி, மிக மெலிதாகத் தொடங்கும். மார்கழிக் குளிரைவிடப் பன்மடங்கு கொடிய வியன்னா ஜனவரியில் சளிபிடித்த சபை அந்த மெல்லிய தொடக்கத்தின்மீது இருமுகிறது. ஒருவர் அடக்கிக்கொண்டு இருமுகிறார். இன்னொருவர் அடக்க முயன்று தோற்கிறார். அரக்குத் தட்டுகளில் வெளிவந்து பின்னால் எல்.பி.க்கு மாறியபோதும் இருமல்கள் அப்படியே வந்தன. இரண்டு மாதம் நிரம்புவதற்குள், மார்ச் 12-ஆம் தேதி, ஹிட்லரின் சேனை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. வால்டர் அந்நிய தேசங்களில் வாழ நேர்ந்தது. ரோஸே முதிய வயதில் லண்டனுக்கு ஓடினார். இருமியவர்கள் என்ன ஆனார்கள்? அவர்களில் யார் கொடியை அசைத்து வரவேற்றார், யாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்? தட்டு அதைச் சொல்லாது. அந்த மண்டபத்தில் அன்று அவர்கள் எல்லாரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே குளிரில், ஒரே மாதிரி இருமினார்கள் என்பதை மட்டும் சொல்லும்.

யுத்த காலத்துப் பதிவுகளில் இன்னும் இரண்டைச் சுருக்கமாகக் குறிப்பிடலாம். 1944-இல் பெர்லின் வானொலியில் வால்டர் கீஸெகிங் வாசித்த பீத்தோவன் பியானோ கான்செர்ட்டோவில், மெதுவான இடங்களில், விமானங்களைச் சுடும் பீரங்கிகளின் அதிர்வு தூரத்தில் கேட்கிறது; அது அந்நாளில் அபூர்வமான ஸ்டீரியோ முறையில் பதிவானது என்பதால் இன்னும் துலக்கம். 1942 மே 19-இல் இங்கிலாந்தின் சர்ரே ஜில்லாத் தோட்டம் ஒன்றில் நைட்டிங்கேல் பறவையின் பாட்டை ஒலிபரப்ப பி.பி.சி.யார் மைக்கை வைத்திருந்த இரவில், ஜெர்மனியை நோக்கி 197 குண்டுவீச்சு விமானங்கள் அந்தத் தோட்டத்தின்மேல் பறந்தன. ஒலிபரப்பினால் எதிரிக்கு முன்னறிவிப்பாகிவிடும் என்று பொறியாளர் கம்பியைத் துண்டித்தார். பதிவுக்கருவியை மட்டும் ஓடவிட்டார். விமானங்கள் திரும்பி வந்தபோதும் பதிவு செய்தார்கள், 11 குறைந்திருந்தன. பறவை இரண்டு தடவையும் பாட்டை நிறுத்தவில்லை.

இனி, திருத்தியே ஆக வேண்டிய பிழைக்கு வருகிறேன். மைல்ஸ் டேவிஸின் கைண்ட் ஆஃப் ப்ளூ, ஜாஸ் தட்டுகளில் மிக அதிகமாகக் கேட்கப்பட்டவற்றுள் ஒன்று. 1959 மார்ச் 2-ஆம் தேதி, கூல்ட் வாசித்த அதே முப்பதாம் தெருக் கட்டடத்தில், முதல் மூன்று உருப்படிகளைப் பதிவு செய்தபோது பிரதான நாடாக்கருவி சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறும், காலமும் துரிதப்படும். ஆகவே தட்டின் முதல் பக்கம் முழுவதும் அவர்கள் வாசித்த சுருதிக்குச் சற்றுமேலே நின்றது. தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகிய மாணவர்கள் தங்கள் வாத்தியத்தில்தான் குற்றம் என்று நினைத்து முறுக்கிக்கொண்டார்கள். சரியான வேகத்தில் ஓடிய துணை நாடாவைக் கொண்டு 1992-இல்தான் அது செம்மையாயிற்று. அதற்குள் 33 வருஷங்கள் கடந்து, பிழையான சுருதியே பலருக்குப் பிரமாணமாகிவிட்டது. செம்மையான பதிப்பைக் கேட்டு, உயிர் போய்விட்டதே என்று அங்கலாய்த்தவர்களும் உண்டு. பழக்கம் அப்படிப்பட்டது. ஆனாலும் திருத்தியதே நியாயம். மெதுவாக ஓடிய மோட்டார், டேவிஸ் வாசிக்காத ஒன்றை வாசித்ததாகச் சொன்னது.

இந்த வேக விவகாரம் நமக்கும் அந்நியமானதல்ல. நிமிஷத்துக்கு 78 சுற்று என்பது ஆரம்ப காலத்தில் பேருக்குத்தான். தட்டுக்குத் தட்டு வேகம் மாறும். நாலைந்து சுற்று கூடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். 1933-இல் இளம் வயதிலேயே மறைந்த நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரல் எத்தனை கட்டையில் நின்றது என்று இன்று வாதாடுகிறவர்கள், தாங்கள் ஆதாரமாகக் காட்டும் தட்டு எந்த வேகத்தில் பதிவாயிற்று, எந்த வேகத்தில் சுழல்கிறது என்பதை முதலில் தீர்த்துக்கொண்ட பிறகே வாதத்தைத் தொடர வேண்டும். அதே பழைய நாடகப் பாட்டுத் தட்டுகளில், பிர்காவின் உச்சியில் பக்கவாத்தியக்காரர் தம்மை மறந்து 'சபாஷ்' என்று கத்துவதும் உண்டே, அது வேறு சங்கதி. வேகத்தைத் திருத்துங்கள், சபாஷைத் தொடாதீர்கள்.

சொல்லக் காரணம் இருக்கிறது. இருமலை மட்டும் தனியே கண்டெடுத்து, சுற்றியுள்ள ஸ்வரங்களுக்குச் சேதமில்லாமல் எடுத்தெறிந்து, அந்தப் பள்ளத்தை அக்கம்பக்கத்து நாதத்தைக் கொண்டே நிரப்பிவிடும் வித்தை இன்று கணினிக்குக் கைவந்துவிட்டது. நாற்காலியின் முனகல், வில்லின் உரசல், ரயிலின் உறுமல், பாடகர் இழுக்கும் மூச்சு எதுவும் அதற்குத் தப்பாது. மறுபதிப்புகள் பல இப்படிக் குளிப்பாட்டித் துடைக்கப்பட்டே வெளிவருகின்றன. என்ன துடைக்கப்பட்டது என்பதை மட்டும் உறையில் எங்கும் காணோம். ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த நம் பெரியோர் இந்த விஷயத்தில் கடைப்பிடித்த ஒழுக்கம் நினைவுக்கு வருகிறது. உ.வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றை வெளியிட்டபோது, செல்லரித்துச் சொல் மறைந்த இடங்களில் புள்ளிகளையே இட்டார். 267, 268 ஆகிய பாட்டுகள் கிடைக்கவில்லையென்றால் அந்த எண்களைக் காலியாகவே விட்டார். பிரதிகளில் கண்ட பாடபேதங்களையும் காட்டினார். சிதைந்த அடியைத் தாமே பாடி நிரப்புவதற்கான புலமை அவருக்கு இல்லையென்று யாரும் சொல்லமாட்டார்கள். செய்யவில்லை, அவ்வளவுதான்.

ஆகையால் பழைய பதிவுகளை மறுபடி வெளியிடும் கம்பெனியாருக்கு ஒரு விண்ணப்பம். எதிரொலியின் சாயலை நீக்குங்கள், வேகத்தைச் செம்மைப்படுத்துங்கள், கீறலையும் கரகரப்பையும் தாராளமாகத் துடையுங்கள். ஆனால் பதிவு நடந்த அறையில் மெய்யாகவே எழுந்த ஓசை எதையும் நீக்குவதானால், இன்ன இடத்தில் இன்னது நீக்கப்பட்டது என்று உறையில் ஒரு வரி அச்சிடுங்கள். வீட்டுப் பரணில் கிடக்கும் பாட்டனார் காலத்துத் தட்டுகளைக் கணினியில் ஏற்றிக்கொள்ள விரும்பும் வாசகர்களுக்கும் அதையே சொல்வேன்: சுத்தம் செய்த பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், அதற்குமுன் முள் எழுப்பியது எழுப்பியபடியே எடுத்த பிரதி ஒன்றையும் தனியே பத்திரப்படுத்துங்கள்.